மஞ்சள் விளக்கு எரிந்தால் பழுது எங்கே?

மோட்டார் காரில், ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. சாவியைத் திருப்பியதும் எரியும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும்.

அணைந்துவிட்டால் கவலை இல்லை.

அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால்?

அன்றிலிருந்துதான் கார்க்காரருக்குத் தூக்கம் போகிறது! வண்டி ஓடுகிறது, ஆனால் பழைய இழுவை இல்லை. பெட்ரோல் தண்ணீராகச் செலவாகிறது. சைலன்சரில் கரும்புகை வருகிறது. பட்டறைக்குப் போனால், "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது. மாற்ற வேண்டும்" என்கிறார்கள். விலையைக் கேட்டால் சில ஆயிரம் ரூபாய்!

சொந்தமாக டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அது ஒரு மாதத் தவணைப் பணம். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம்.

அந்தப் பணத்தைக் கொடுத்துப் புதிய சென்சார் வாங்கி மாட்டிய பிறகும், நாலாம் நாள் அதே விளக்கு மறுபடி எரிந்தால் எப்படி இருக்கும்?

ஒரு டாக்ஸியின் கதை

இப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். வடசென்னைப் பட்டறைகளுக்கு வரக்கூடிய வண்டிதான்.

வண்டிக்காரர் திருவொற்றியூர்க்காரர். எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் நாள்தோறும் பல நடை போகிறவர். கன்டெய்னர் லாரிகள் போய்ப் போய்க் குண்டும் குழியுமான ரோட்டில், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தொழிற்சாலை என்று ஓடுகிற வண்டி அது. லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி, திடீரென்று பதின்மூன்றுக்கு இறங்கிவிட்டது. விளக்கும் எரிந்தது.

முதலில் போன பட்டறையில் புதுச் சென்சார் மாட்டி, விளக்கையும் அணைத்துக் கொடுத்தார்கள். நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் காலை, சவாரி ஏற்றிக்கொண்டு போகும்போதே விளக்கு எரிந்துவிட்டது.

வண்டியை வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தவர், தலை நரைத்த மெக்கானிக்.

"என்ன தம்பி, புதுசு போட்டு நாலு நாள்தானே ஆகுது?"

"ஆமாண்ணே. மறுபடியும் எரியுது. சென்சார் போச்சுன்னு கம்ப்யூட்டரே சொல்லுதாமே?"

பெரியவர் சிரித்தார்.

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லாது தம்பி. சென்சார் லைன்லே கோளாறுன்னுதான் சொல்லும். லைனுன்னா அதுலே சென்சார் இருக்கு, வயர் இருக்கு, கப்ளர் இருக்கு, பியூஸ் இருக்கு, எர்த் இருக்கு. இதுலே எது போச்சுன்னு நாமதான் பார்க்கணும்."

இந்த ஒரு பேச்சில்தான் விஷயம் எல்லாம் அடங்கியிருக்கிறது!

அந்தச் சின்னக் கருவி என்ன செய்கிறது?

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிவதற்குச் சுமார் 14.7 கிராம் காற்று தேவை. காற்று குறைந்தால் பெட்ரோல் முழுதும் எரியாது, புகை வரும். இதைப் பட்டறையில் 'ரிச்' என்பார்கள். காற்று கூடினால் இழுவை போகும், என்ஜின் திக்கும். இது 'லீன்'.

இப்போது நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேருகிறது. அதற்கு இன்னும் கொஞ்சம் குறைந்த காற்றே போதும். ஆகவே கணக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை. வெயில், மழை, மேடு, பள்ளம், ஏற்றிய பாரம் எல்லாவற்றுக்கும் தக்கபடி விநாடிக்கு விநாடி கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்குக் கண்ணாக இருப்பதுதான் ஆக்சிஜன் சென்சார். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக் போலவே திருகி மாட்டப்பட்டிருக்கும். புகையில் பிராணவாயு மிச்சம் இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதே அதன் வேலை.

உள்ளே இருப்பது ஒரு பீங்கான் குப்பி. சிர்கோனியா என்ற பொருளால் செய்தது. அதன் இரு பக்கமும் பிளாட்டினம் பூசியிருக்கும். ஒரு பக்கத்தில் வெளிக்காற்று. மறு பக்கத்தில் என்ஜின் புகை. பீங்கான் நன்றாகச் சூடானால், இரு பக்கமும் உள்ள பிராணவாயுவின் வித்தியாசம் மின்சாரமாக மாறுகிறது.

பெட்ரோல் மிகுதியாக இருந்தால் 0.8, 0.9 வோல்ட் வரும். காற்று மிகுதியாக இருந்தால் 0.1, 0.2 வோல்ட்தான். கம்ப்யூட்டர் இதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். என்ஜின் சூடாகி ஓடும்போது இந்த வோல்ட் ஓயாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம்தான் ஆரோக்கியம். நாடித்துடிப்பு மாதிரி!

சூடு இல்லாவிட்டால் வேலை இல்லை

இந்தப் பீங்கானுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏறினால்தான் வேலை செய்யும்.

இந்தக் குணம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த ஒன்று. ஜெர்மனியில் வால்தெர் நெர்ன்ஸ்ட் என்ற விஞ்ஞானி, 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு மின்சார விளக்கைக் கண்டுபிடித்தார். சிர்கோனியா கலந்த பீங்கான் குச்சிதான் அந்த விளக்கின் திரி. அது குளிர்ந்து கிடக்கும்போது மின்சாரத்தை விடாது. முதலில் பக்கத்தில் ஒரு சூட்டுக் கம்பியை வைத்துக் காய்ச்ச வேண்டும். பிறகுதான் ஒளி விடும். அந்த விளக்கு மறைந்துவிட்டது. ஆனால் அந்தப் பீங்கானின் குணம் இன்று நம் கார்களில் வேலை செய்கிறது. நெர்ன்ஸ்ட் 1920-ம் ஆண்டுக்கான ரசாயன நோபல் பரிசைப் பெற்றவர்.

கார்களுக்கான ஆக்சிஜன் சென்சார் 1976-ல் வந்தது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி தயாரித்தது. முதலில் மாட்டிக்கொண்டவை ஸ்வீடன் நாட்டு வால்வோ கார்கள், அமெரிக்காவில் விற்பதற்காக!

நெர்ன்ஸ்ட் விளக்கில் இருந்தது போலவே இன்றைய சென்சாரின் உள்ளேயும் ஒரு சூட்டுக் கம்பி, அதாவது ஹீட்டர் உண்டு. ஆகையால் பெரும்பாலான சென்சார்களில் நாலு வயர்கள் இருக்கும். இரண்டு வயர் ஹீட்டருக்கு. ஒன்று சேதி சொல்லும் வயர். ஒன்று அதன் எர்த். ஹீட்டர் வயர் இரண்டும் ஒரே நிறத்தில், பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும்.

ஹீட்டர் கெட்டாலும் விளக்கு எரியும். சேதி வயர் அறுந்தாலும் விளக்கு எரியும். பியூஸ் போனாலும் எரியும். விளக்கு ஒன்றுதான், காரணம் பத்து!

எண்ணூரில் பூட்டிய கார்

கார் நோய்க்கு வைத்தியம் பார்ப்பது வடசென்னைக்குப் புதிது அல்ல.

ரகுநந்தன் சரண் என்பவர் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். தம் மகன் அசோக்கின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். எண்ணூரில் இங்கிலாந்து நாட்டு ஆஸ்டின் கார்களின் பாகங்களைப் பூட்டி, முழு வண்டியாக வெளியே அனுப்பினார்கள். அதே கம்பெனிதான் 1955-ல் அசோக் லேலண்டு ஆயிற்று. 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்தது.

அந்தக் காலத்து வண்டிகளில் கம்ப்யூட்டர் ஏது? சென்சார் ஏது? பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்பரேட்டர். கலவை சரிதானா என்று மெக்கானிக் எப்படிக் கண்டுபிடித்தார்?

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முகத்தைப் பார்ப்பார். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம். காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. பிறகு திருப்புளியை எடுத்து, காதால் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கார்பரேட்டர் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்புவார்.

அன்று மெக்கானிக் மாதத்துக்கு ஒரு தடவை பார்த்த வேலையை, இன்று சென்சார் விடாமல் பார்க்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்!

இந்த மாற்றத்துக்குக் காரணம் புகை. 1995 ஏப்ரல் முதல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நாலு நகரங்களில், புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற பெட்டி கட்டாயமாயிற்று. புகையில் உள்ள நச்சை முறிப்பதே அதன் வேலை. பெட்ரோலில் ஈயம் இருந்தால் அந்தப் பெட்டியும் கெடும், சென்சாரும் கெடும். ஆகவே ஈயம் இல்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதுமே ஈயம் நின்றுவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தன. புல்லட் மோட்டார் சைக்கிள்கூடக் கார்பரேட்டரை விட்டுவிட்டு, சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சாரை மாட்டிக்கொண்டது.

ஆகவே இது கார் வைத்திருப்பவர்களின் கவலை மட்டும் அல்ல. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவரின் கவலையும்கூட.

எண்ணைப் பார், ஆனால் ஏமாறாதே!

பெரியவர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

முதலில் ஸ்கேனரை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மாட்டினார். திரையில் ஒரு எண் வந்தது: பி-0131.

இந்த எண்கள் எல்லாக் கம்பெனிக் கார்களுக்கும் பொது. கார்களில் என்ஜினுக்கு அருகே உள்ள முதல் சென்சாருக்குச் சில எண்கள் உண்டு. பி-0130 என்றால் அந்த லைனில் ஏதோ கோளாறு. பி-0131 என்றால் வோல்ட் குறைவு. பி-0132 என்றால் வோல்ட் அதிகம். பி-0133 என்றால் ஆட்டம் மந்தம். பி-0134 என்றால் ஆட்டமே இல்லை. பி-0135 என்றால் ஹீட்டர் லைனில் கோளாறு.

எதிலாவது, "சென்சாரை மாற்று" என்று இருக்கிறதா? இல்லை!

உதவிக்கு நின்ற பையன் எண்ணை அழிக்கப் போனான். பெரியவர் கையைத் தட்டிவிட்டார்.

"அழிச்சுட்டா சாட்சி போயிடும்டா!"

எண்ணோடு கூட, அது பதிவான நேரத்தில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும். அதைப் படித்தார். என்ஜின் நன்றாகச் சூடாகி இருந்தது. வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மனத்தில் ஒன்று குறித்துக்கொண்டார். நிற்கும்போது வந்த நோய் அல்ல. ஓடும்போது வந்த நோய்!

நாடி பார்த்தல்

வண்டியைக் கூரைக்கு வெளியே தள்ளி நிறுத்தினார்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும்.

என்ஜின் சூடான பிறகு, ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றில் நிறுத்தினார்கள். ஸ்கேனர் திரையில் சென்சாரின் வோல்ட் தெரிந்தது. 0.2... 0.8... 0.1... 0.7... அழகாக ஆடியது.

"நல்லாத்தானே இருக்கு அண்ணே!" என்றார் டாக்ஸிக்காரர்.

"புதுசு நல்லாத்தான் இருக்கும். பழசு எங்கே?"

பழைய சென்சார் டிக்கியில் கிடந்தது. மீட்டரை எடுத்து அதன் வெள்ளை வயர் இரண்டுக்கும் நடுவே பார்த்தார்கள். சில ஓம்ஸ் காட்டியது. ஹீட்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அறுந்திருந்தால் மீட்டரில் எண்ணே வராது.

சூடு ஆறிய பிறகு, பழையதையே மாட்டிப் பார்த்தார்கள். என்ஜின் சூடானதும் அதுவும் புதியதைப் போலவே ஆடியது! என்ஜினில் உள்ள ஒரு வாக்குவம் ஹோஸைப் பெரியவர் பிடுங்கினார். வெளிக்காற்று உள்ளே புகுந்ததும் வோல்ட் சட்டென்று கீழே இறங்கியது. ஹோஸை மாட்டியதும் மேலே வந்தது. சென்சாருக்குப் பார்வை நன்றாகவே இருந்தது.

டாக்ஸிக்காரரின் முகம் வாடிவிட்டது. கெட்டுப்போகாத பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து இன்னொன்று வாங்கியிருக்கிறார்!

குற்றவாளி யார்?

சென்சார் நல்லது. அப்படியானால் மிச்சம் இருப்பது வயர்.

பெரியவர் கப்ளரைப் பிரித்தார். கம்ப்யூட்டர் பக்கமாகப் போகும் சேதி வயரில் 0.45 வோல்ட் இருந்தது. சென்சார் இல்லாதபோது பல கார்களில் கம்ப்யூட்டர் தானே கொடுக்கும் வோல்ட் அது. அந்த வயரை ஒரு நொடி எர்த்தில் தொட்டார். ஸ்கேனர் திரையில் பூஜ்யம் வந்தது. எடுத்தார். மறுபடி 0.45.

ஆகக் கம்ப்யூட்டரும் நல்லது. வயர் அறுந்துபோகவும் இல்லை. திரையில் எந்நேரமும் 0.45 என்றே நின்றிருந்தால், "எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சென்சார் சூடாகவில்லை" என்று முடிவு கட்டலாம். இங்கே அதுவும் இல்லை.

கப்ளரைத் திரும்ப மாட்டி, என்ஜினை ஓடவிட்டார். பையன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் நீளமான ஒரு மரக்குச்சியால் வயரை அங்கங்கே மெல்ல அசைத்துக்கொண்டே போனார். பிளக்குக்கு அருகே ஒன்றும் இல்லை. பேட்டரிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. சைலன்சர் குழாயைத் தாங்கும் இரும்புப் பட்டைக்குப் பின்னால் குச்சியை நீட்டினார்.

"பூஜ்யம்!" என்று கத்தினான் பையன்.

அகப்பட்டுவிட்டது!

வயரைப் பிடித்து நிறுத்தும் கிளிப் உடைந்துபோயிருந்தது. வயர் தொங்கி, இரும்புப் பட்டையில் உராய்ந்து உராய்ந்து, மேலுறை அரை அங்குல நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. உள்ளே செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பூத்துத் தெரிந்தது.

வண்டி நின்றால் கம்பி இரும்பைத் தொடாது. பட்டறையில் பார்த்தால் நோயே இருக்காது. வண்டி குழியில் விழுந்து எழுந்தால் தொடும். தொட்டால் வோல்ட் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்த கம்ப்யூட்டர், 'பெட்ரோல் போதவில்லை' என்று நினைத்து மேலும் மேலும் பெட்ரோலைக் கொட்டியது. அதனால்தான் கரும்புகை. அதனால்தான் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் நஷ்டம்.

முதல் பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. எண்ணை மட்டும் பார்த்தார், வயரைப் பார்க்கவில்லை. விளக்கை அணைத்தபின் வண்டி நாலு நாள் சும்மா இருந்ததும், புதுச் சென்சாரின் மகிமையால் அல்ல. கம்பி அதுவரை நீண்ட நேரம் இரும்பைத் தொடவில்லை. அவ்வளவுதான்!

கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டு, வேறு வயர் சேர்த்து, மேலே உறை போட்டு, புதுக் கிளிப்பில் மாட்டினார்கள். அதற்கு ஆன பொருள் செலவு, இரண்டு பேர் சாப்பிடும் சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

கடற்காற்றும் கால் வோல்ட்டும்

இந்த லைனில் மட்டும் இவ்வளவு தொல்லை ஏன்?

காரின் ஹெட்லைட் 12 வோல்ட்டில் எரிகிறது. துருவினால் அதில் கால் வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. சென்சாரின் சேதியோ முழுக்க முழுக்க 1 வோல்ட்டுக்குள் அடங்கியது. அங்கே கால் வோல்ட் தப்பினால், 'இல்லை' என்பது 'உண்டு' ஆகிவிடும்!

ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரம். உப்புக் காற்று இரவும் பகலும் வீசுகிறது. கப்ளரின் ரப்பர் சற்று வெடித்திருந்தால் போதும். உள்ளே ஈரம் புகுந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். கப்ளருக்குள்ளே ஹீட்டரின் 12 வோல்ட் முனையும், சேதி முனையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உப்பு ஈரம் இரண்டுக்கும் பாலம் போட்டுவிட்டால், 12 வோல்ட் இங்கே கசியும். கம்ப்யூட்டர், 'பெட்ரோல் அதிகம்' என்று எண்ணிக் குறைத்துவிடும். வண்டி இழுக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் வெள்ளம் புகுந்தது. எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து, வீடுகளிலும் படகுகளிலும் படிந்தது. இப்படி வெள்ளத்தில் நிற்கும் வண்டி, தண்ணீர் வடிந்ததும் ஓடிவிடலாம். ஆனால் கப்ளருக்குள் தங்கிய ஈரம் பல மாதம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். அப்போது வெள்ளத்தை யார் நினைக்கப்போகிறார்கள்?

ஆகையால் மெக்கானிக்கிடம் போகும்போது, "விளக்கு எரியுது" என்று மட்டும் சொன்னால் போதாது. வண்டி தண்ணீரில் நின்றதா? சைலன்சர் வேலை பார்த்தார்களா? எலி புகுந்ததா? இவற்றையும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் எதையும் மறைக்கலாமா?

வண்டிக்காரர்கள் கவனிக்க

விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். விட்டுவிட்டு மின்னினால் அது வேறு. என்ஜினில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று அர்த்தம். வண்டியை ஓரமாக நிறுத்திவிடுவதே நல்லது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அந்தப் பெட்டி சூட்டில் உருகிவிடும். உள்ளே இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். மூன்றும் விலை உயர்ந்த உலோகங்கள்! சென்சாரைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும்.

வோல்ட் எப்போதும் தாழ்ந்தே நின்றால் சைலன்சர் குழாய்ப் பேக்கிங்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கே ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு, 'பிராணவாயு மிச்சம் இருக்கிறது' என்று சொல்லும். அது சொல்வது உண்மைதான். ஆனால் பழுது பேக்கிங்கில்!

ஹீட்டர் எண் வந்தால் முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். சில ரூபாய் பியூஸுக்காகச் சில ஆயிரம் ரூபாய் சென்சாரை மாற்றியவர்கள் உண்டு.

சென்சாரின் சொந்த வயரில் ஈயம் உருக்கிப் பற்ற வைக்கக்கூடாது. பல சென்சார்கள் அந்த வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் வெளிக்காற்றைப் பெறுகின்றன. ஈயம் அடைத்துவிட்டால் மூச்சு முட்டிப்போகும். அந்தக் கப்ளரில் ஸ்பிரே அடிப்பதும் கூடாது. என்ஜினில் பூசும் சில சிலிக்கான் பசைகளும் சென்சாருக்கு விஷம்.

இன்னொன்று: சில புதிய கார்களில் வேறு வகைச் சென்சார் இருக்கிறது. அது மேலும் கீழும் ஆடாது. கலவையின் அளவையே சொல்லும். அதற்கு இந்த வோல்ட் கணக்கு செல்லாது. அந்தந்த வண்டியின் கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

சென்சார் கெடவே கெடாது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. வயதாகிவிட்டால் அதன் ஆட்டம் மந்தமாகும். ஹீட்டர் அறுந்துபோகும். அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் சோதித்துப் பார்த்து, குற்றம் அதன் மேல்தான் என்று தெரிந்த பிறகு!

யாருடைய புகை?

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அதைச் சுற்றிலும் ரசாயனத் தொழிற்சாலைகள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள். வடசென்னை மக்கள் சுவாசிக்கும் காற்றில் ஏற்கெனவே புகைக்குப் பஞ்சம் இல்லை. அதில் ஒரு டாக்ஸி விடும் கரும்புகை எம்மாத்திரம் என்று கேட்கலாம்.

ஆலையின் புகையை டாக்ஸிக்காரர் நிறுத்த முடியாது. தம் வண்டியின் புகையை நிறுத்தலாம். அரை அங்குலம் தேய்ந்துபோன ஒரு வயர், நாள் முழுதும் ஊருக்குள் கரும்புகையைக் கொட்டிக்கொண்டிருந்தது அல்லவா? விளக்கு எரிகிறதே என்று அலுத்துப்போய், அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மூடுவது விளக்கை மட்டும்தான்.

டாக்ஸிக்காரர் அன்று மாலையே சவாரிக்குக் கிளம்பினார். சாவியைத் திருப்பினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. என்ஜின் ஓடியது. விளக்கு அணைந்தது.

"பழைய சென்சாரை என்ன பண்றதுண்ணே?"

"வண்டியிலே ஓடுறதே அதுதானே! புதுசைத் துணியிலே சுத்திப் பத்திரமா வை. இது நெசமாவே கெட்டுப்போற அன்னைக்கு உதவும். ஆனா அன்னைக்கும் முதல்லே வயரைப் பாரு தம்பி."